சுளுக்கு என்று நினைத்தேன்

சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, ஏழு நாள். நான்காம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலுக்கு மேலே சுரீரென்றது. சுளுக்குதானே என்று தைலம் தேய்த்து, நடைப்பயிற்சிக்கும் போனேன். மடத்தனம். மாலையில் இரு விரலால் பிடித்துப் பார்த்தால் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் தடித்து, தொட்டாலே வலித்தது.

மருந்து டப்பாவுக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தபோதுதான் விளங்கியது. இந்த ஃப்ளோரோகுவினோலோன் வகை மருந்துகளால் தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம். அமெரிக்காவில் 2008லேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துத் தாளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்துவிட்டது. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நான் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். அதை நிறுத்தி வேறு வகை கொடுத்தார். ஆறு வாரம் ஷூவுக்குள் குதிகாலை உயர்த்தும் பட்டை. பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரைப் பிடித்துக் குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்கினேன். இறக்குவதுதான் முக்கியமாம். அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்டிய வாரம் வலி திரும்பியது, மறுபடி குறைத்தேன். நாலு மாதம் கழித்துத்தான் நொண்டாமல் படி இறங்கினேன்.