வைஃபை சின்னமே காணோமா? விண்டோஸை அழிக்கும் முன் பாருங்கள்

செட்டிங்ஸில் ‘வைஃபை’ என்ற வரியே இல்லை, கீழே மூலையில் உலக உருண்டை மட்டும் நிற்கிறது என்று எங்கள் தெருவில் யாராவது கூப்பிட்டால், நான் போவதற்குள் பாதிப் பேர் விண்டோஸைப் புதிதாகப் போட ஆரம்பித்திருப்பார்கள். வேண்டாத வேலை. அந்த வைஃபை கார்டு கம்ப்யூட்டரின் கண்ணில் படுகிறதா இல்லையா என்பதுதான் முதலில் தெரியவேண்டும்.

அதற்கும் முன்னால், டெஸ்க்டாப் என்றால் அதில் வைஃபை இருக்கிறதா என்றே பாருங்கள். சிரிக்காதீர்கள். அசெம்பிள் செய்த பல சிஸ்டங்களில் லேன் கேபிள் சொருகும் இடம் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் ஆன்டெனா திருகும் இரண்டு மஞ்சள் குமிழ்கள் இல்லை, யூஎஸ்பியில் சொருகும் குட்டி வைஃபை கருவியான டாங்கிளும் இல்லை என்றால் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

சரி, இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியை விரியுங்கள். கார்டின் பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக், ‘எனேபிள்’, முடிந்தது. ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பில் மஞ்சள் குறியோடு ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று இருந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை.

எங்குமே இல்லையென்றால் டிரைவரைத் தேடி அலையாதீர்கள். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்யுங்கள். ரீஸ்டார்ட் போதாதா என்பார்கள். போதாது. டெஸ்க்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் பிளக் சொருகியிருக்கும் வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். அதில் தொங்கிக்கொண்டு கார்டு மயங்கியே கிடக்கும். முந்தின இரவுவரை ஒழுங்காக ஓடி, காலையில் காணாமல் போன கார்டுகள் பெரும்பாலும் இதிலேயே திரும்பி வந்துவிடுகின்றன. ஸ்லீப்பில் போட்டு எழுப்பும்போதெல்லாம் மறைந்தால், கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

யூஎஸ்பி டாங்கிளில் வேறொரு விளையாட்டு உண்டு. சித்தப்பா வீட்டில் புது டாங்கிளைச் சொருகியதும் வைஃபை வரவில்லை. ‘திஸ் பிசி’யில் புதிதாக ஒரு சிடி டிரைவ் வந்தது. “சிடியே போடலையேடா?” என்று அவர் குழம்பினார். டிரைவரை உள்ளேயே வைத்திருக்கும் சில டாங்கிள்கள் முதலில் சிடி போல வேஷம் போடும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் வைஃபையாக மாறிவிடும். மாறாவிட்டால் அந்த சிடி டிரைவில் வலது கிளிக் செய்து ‘இஜெக்ட்’ கொடுத்துப் பாருங்கள்.

டிரைவர் இறக்க நெட் வேண்டுமே? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். வீட்டு வைஃபையில் இருக்கும் போன் அதையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். எந்தக் கம்பெனி கார்டு என்று தெரியாவிட்டால், ப்ராப்பர்ட்டீஸில் ‘டீடெய்ல்ஸ்’, அதில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ பாருங்கள். ‘வென்’ (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின் 8086 இருந்தால் இன்டெல், 10இசி (10EC) ரியல்டெக், 14சி3 (14C3) மீடியாடெக். லேப்டாப் அல்லது மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்’ என்று கூவும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள்.

எதற்கும் மசியாத கார்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். ஆன்டெனா ஒயர்கள் எது எங்கே என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் சில நூறு ரூபாயில் ஒரு டாங்கிள் வாங்கிவிடலாம். யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகியிருக்கும் இடத்தை ஒட்டி மட்டும் அதைச் சொருகாதீர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கெடும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.