வேர்டு ஷார்ட்கட்: பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் செலக்ட் செய்யப் பழகுங்கள்

ஷார்ட்கட் என்று தேடினால் நூறு, நூற்றைம்பது விசைச் சேர்க்கைகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாலும் வேகம் வராது. கண்ட்ரோல் + சி எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் அதற்கு முன்னால் கை மவுஸுக்குப் போகும், வரியை இழுக்கும், கடைசி எழுத்து விட்டுப்போகும், மறுபடி இழுக்கும். நேரம் கரைவது அங்கேதான். அதனால் முதலில் நகர்வது, பிறகு செலக்ட் செய்வது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காப்பி, பேஸ்ட், சேவ், அன்டூ நான்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வது விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் வேர்டு. அதே வேலைக்கான மற்ற மென்பொருள்களான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரும் கூகுள் டாக்ஸும் மாறுபடும் முக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்ற இடத்தில் பெரும்பாலும் கமாண்ட் என்று படித்துக்கொள்ளலாம், சொல் சொல்லாகத் தாவுவதற்கு மட்டும் அங்கே ஆப்ஷன் விசை.

படி 1: நகர்வது

இடம், வலம் அம்புக்குறிகளோடு கண்ட்ரோலைச் சேர்த்தால் கர்சர் ஒவ்வொரு சொல்லாகத் தாவும். மேல், கீழ் அம்புக்குறிகளோடு சேர்த்தால் ஒவ்வொரு பத்தியாக. ஹோம் வரியின் தொடக்கம், எண்ட் வரியின் முடிவு, இரண்டோடும் கண்ட்ரோல் சேர்ந்தால் கோப்பின் தொடக்கமும் முடிவும். அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எதையும் மாற்றாமல் சும்மா நகர்ந்து பாருங்கள்.

படி 2: ஷிஃப்ட்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படி. ஷிஃப்ட் + எண்ட், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வலது அம்பு என்று பட்டியலில் தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் புதுப்பாடம் போலத் தோன்றும். உண்மையில் விதி ஒன்றே ஒன்று: முதல் படியில் பழகிய எந்த நகர்வோடும் ஷிஃப்டைச் சேருங்கள், கர்சர் கடக்கும் எழுத்தெல்லாம் செலக்ட் ஆகும். புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

இதில் இன்னொன்றும் புரிந்துவிட்டால் தடுமாற்றம் போய்விடும். செலக்ட் ஆன பகுதிக்கு இரண்டு முனைகள் உண்டு. ஷிஃப்டை அழுத்தியபோது கர்சர் எங்கே நின்றதோ அந்த முனை அசையாது, மற்ற முனைதான் நீங்கள் அழுத்தும் அம்புக்குறிக்கு ஏற்ப நகரும். அதனால் ஒரு சொல் கூடுதலாகப் போய்விட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், கண்ட்ரோல் + ஷிஃப்டோடு எதிர்த்திசை அம்பை அழுத்தினால் அந்த ஒரு சொல் மட்டும் விடுபடும். நடுவில் விரல் வலித்து ஷிஃப்டை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி ஷிஃப்டோடு அம்பை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஷிஃப்ட் இல்லாமல் அம்பைத் தொட்டால் செலக்‌ஷன் கலையும்.

வேர்டில் எஃப்8 என்று ஒரு விசை இருக்கிறது, பலர் கண்டுகொள்வதே இல்லை. ஒருமுறை தட்டினால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். இரண்டாவது தட்டில் சொல், மூன்றாவதில் வாக்கியம், நான்காவதில் பத்தி, ஐந்தாவதில் முழுக் கோப்பு. எஸ்கேப் அழுத்தினால் அந்த நிலையிலிருந்து வெளியே வரலாம். நீளமான வாக்கியத்தை அப்படியே தூக்க எனக்கு இதைவிடப் பிடித்த வழி இல்லை.

முதலில் செலக்ட், பிறகு கட்டளை என்கிற வரிசை பழையது. 1970களில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துத் திருத்தும் மென்பொருளை இந்த எண்ணத்தில்தான் உருவாக்கினார்கள். கட், காப்பி, பேஸ்ட் இன்று நாம் செய்கிற விதமும் அங்கிருந்து வந்ததுதான்.

படி 3: பேஸ்ட், ஆனால் அலங்காரம் இல்லாமல்

இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் எழுத்துரு, நிறம், பின்னணி எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கூகுள் டாக்ஸிலும் புதிய வேர்டிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி போட்டால் வெறும் எழுத்து மட்டும் வரும். பழைய வேர்டில் அதே சேர்க்கைக்கு வேறு வேலை, அதனால் அங்கே வழக்கம்போல ஒட்டிவிட்டு, உடனே கண்ட்ரோலைத் தனியாக ஒருமுறை தட்டி, டெக்ஸ்ட்டின் முதலெழுத்தான டி-யைத் தட்டுங்கள். ரைட்டரில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி. ஏற்கெனவே ஒட்டிக் குழம்பிப்போன பகுதி என்றால் செலக்ட் செய்து வேர்டில் கண்ட்ரோல் + ஸ்பேஸ், ரைட்டரில் கண்ட்ரோல் + எம்.

படி 4: அழிப்பது

கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் கர்சருக்கு இடப்பக்கம் உள்ள சொல்லையும் கண்ட்ரோல் + டெலீட் வலப்பக்கம் உள்ள சொல்லையும் முழுதாக அழிக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ‘கி’ என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் கொக்கி மட்டும் போய் ‘க’ நிற்கும், முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். கணினி எழுத்துகளைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் அது க, கொக்கி என இரண்டு குறியீடுகளாகப் பதிவாவதே காரணம். உயிர்மெய்யில் பிழை விட்டால் பேக்ஸ்பேஸே போதும், மெய்யை மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

படி 5: என்டரை அடுக்காதீர்கள்

புதுப் பக்கம் வேண்டும் என்று என்டரைப் பத்துப் பதினைந்து முறை தட்டாதீர்கள், தயவுசெய்து. மேலே ஒரு வரி சேர்ந்தால் கீழே எல்லாம் இடம்மாறிவிடும். கண்ட்ரோல் + என்டர் போட்டால் பக்கம் மாறும், அப்புறம் மேலே என்ன சேர்த்தாலும் அடுத்த பகுதி புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். அதேபோல் தலைப்பைப் போல்டு செய்து அளவைக் கூட்டி விடாமல் கண்ட்ரோல் + ஆல்ட் + 1 போடுங்கள், டாக்ஸிலும் இதேதான், ரைட்டரில் கண்ட்ரோல் + 1. இப்படிக் கொடுத்த தலைப்புகளிலிருந்து பொருளடக்கத்தை மென்பொருளே தயாரித்துத் தரும்.

பத்தியை இடம் மாற்ற கட், பேஸ்ட்கூட வேண்டாம். பத்திக்குள் கர்சரை வைத்து ஆல்ட் + ஷிஃப்ட் + மேல் அல்லது கீழ் அம்பு. ரைட்டரில் இதற்கு கண்ட்ரோல் + ஆல்ட் + அதே அம்புகள்.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், பழகுவதற்கு வேர்டுதான் என்பேன். ஆல்டை ஒருமுறை தட்டினால் மேலே ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய எழுத்து தெரியும், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இலவசமாக வேண்டும், விசைகளை விருப்பம்போல மாற்றவும் வேண்டும் என்றால் ரைட்டர். டாக்ஸில் கண்ட்ரோலோடு சாய்கோட்டை (/) அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும், ஆனால் விசைகளை மாற்றிக்கொள்ள அது விடாது.

பின்சேர்க்கை: எஃப்8 அழுத்தினால் வேறு ஏதோ நடக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மடிக்கணினி என்றால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஹோம், எண்ட் தனியாக இல்லாத பல மடிக்கணினிகளில் எஃப்என்னோடு இடது, வலது அம்புகள் அந்த வேலையைச் செய்யும்.

இன்னொரு பின்சேர்க்கை: செலக்ட் செய்யப் போனால் திடீரென்று தமிழ் விசைப்பலகை மாறிவிடுகிறது என்ற புகார். விண்டோஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட், இடது ஆல்ட் + ஷிஃப்ட் இரண்டும் விசைப்பலகையை மாற்றும் சேர்க்கைகளாக அமைந்திருக்கலாம். அம்புக்குறியைத் தொடாமல் இரண்டு விசைகளையும் விட்டுவிட்டால் விசைப்பலகை மாறிவிடும். மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளுக்குள் போய் அந்தச் சேர்க்கைகளை எடுத்துவிட்டு, மொழி மாற்ற விண்டோஸ் விசை + ஸ்பேஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.