கடை உங்களுடையது, கணக்கு யாருடையது?

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கும் நேரத்தில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சேலம், ஈரோடு, கரூர் பக்கம் சேலைக் கடை வைத்திருப்பவர்கள், பெட்ஷீட் தறி ஓட்டுபவர்கள், வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள். ஆன்லைனில் இறங்கிச் சில மாதம் ஆகியிருக்கும், கையைச் சுட்டுக்கொண்ட பிறகு கூப்பிடுவார்கள். கடைகளுக்கு ஆன்லைன் விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்களெல்லாம் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

படம் தெளிவாக எடுங்கள், விலை கேட்டால் உடனே பதில் சொல்லுங்கள், ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கை அடுத்தவர் பெயரில் திறப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்த ஒன்றில்தான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் ஒரு சேலை மொத்த வியாபாரி. அப்பா கொள்முதலைப் பார்க்க, மகன் ஆன்லைனைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு ஏஜென்சியிடம் வேலையைக் கொடுத்தபோது, "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே எல்லாம் போட்டுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரர்களும் தங்கள் அலுவலக மெயிலிலேயே எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள்: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (மேப்பில் கடையைக் காட்டும் பக்கம்), ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு, டொமைன் (இணையதள முகவரி). வேலை நன்றாகத்தான் நடந்தது. மேப்பைப் பார்த்து வெளியூர்க் கடைக்காரர்கள் வந்தார்கள், ரிவ்யூக்கள் சேர்ந்துகொண்டே போயின. அப்புறம் மாதக் கட்டணத்தில் தகராறு வந்தது. தீபாவளிக்கு முன்னால் பிரிந்தார்கள். அதே சமயத்தில் கடையையும் மெயின் ரோட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

மகன் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, மேப்ல பழைய அட்ரஸே காட்டுது. பாஸ்வேர்ட் கேட்டா, பாக்கியைக் கட்டிட்டுப் பேசுங்கங்கிறாங்க."

அந்த சீசன் முழுக்க மேப்பை நம்பி வந்தவர்கள் பழைய முகவரிக்குப் போய், பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று கணக்கெடுக்கக்கூட வழியில்லை.

ஏஜென்சிகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் தங்கள் மெயிலில் திறக்கிறார்கள். கடைக்காரரிடம் ஒவ்வொரு ஓடிபிக்கும் போன் செய்து நிற்பது அவர்களுக்கும் சிரமம். ஆனால் நல்ல ஏஜென்சி கூட ஒருநாள் மூடப்படலாம், அங்கே வேலை பார்த்தவர் விலகிப் போகலாம். அவருடைய சொந்த மெயிலில் உங்கள் கடை மாட்டிக்கொண்டிருக்கும்.

எதை எதை இழப்போம் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். கூகுள் ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளர் என்று ஒருவர்தான் இருக்க முடியும், மற்றவர்கள் உரிமையாளராகவோ மேனேஜராகவோ இருக்கலாம். ரிவ்யூக்கள் அந்த ப்ரொஃபைலோடு ஒட்டியவை. கோபத்தில் புதிதாக ஒன்று திறந்தால் மேப்பில் ஒரே கடை இரண்டாகத் தெரியும், புதியதில் ஒரு ரிவ்யூவும் இருக்காது. உரிமை கேட்டு கூகுளுக்கே கோரிக்கை வைக்கலாம். கோரிக்கை முதலில் இப்போதைய உரிமையாளருக்குப் போகும், அவர் மறுத்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும். உரிமை கைக்கு வந்தாலும், பழைய ஆளை நீக்குவது போன்ற பெரிய மாற்றங்களைச் செய்ய 7 நாள் காத்திருக்க வேண்டும். கடையின் பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி சான்றிதழில் இருப்பதும் போர்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் நிரூபிப்பது எளிது. இளம்பிள்ளைக் கடைக்கு ப்ரொஃபைல் திரும்பி வந்தது, ஆனால் தீபாவளி போன பிறகு.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் (ஒரு நிறுவனத்தின் பக்கங்களையும் விளம்பரக் கணக்குகளையும் சேர்த்து வைக்கும் இடம்) உருவாக்கிய விளம்பரக் கணக்கை இன்னொன்றுக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவில் பிறந்த கணக்கு அங்கேயேதான் கிடக்கும். எந்த விளம்பரத்துக்கு எந்த ஊரிலிருந்து ஆர்டர் வந்தது என்ற வரலாறு, தளத்துக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பதிவு செய்து உங்கள் பணத்தில் பழகிய பிக்சல் குறியீடு, பழைய வாடிக்கையாளர்களை வைத்து உருவாக்கிய பட்டியல்கள் எல்லாம் போய்விடும். புதுக் கணக்கில் மறுபடி முதல் ரூபாயிலிருந்து செலவழித்துக் கற்க வேண்டும்.

பணத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. விளம்பரச் செலவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கணக்கு உங்களுடையதாக இருந்து, அதில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தால் பில் உங்கள் பெயரில் வரும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கான திட்டம்) இல்லாதவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்சி கணக்கில் ஓடினால் உங்கள் கைக்கு வருவது அவர்கள் எழுதித் தரும் மொத்தத் தொகை மட்டும்தான். அதில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. மாதம் 40,000 கட்டிக்கொண்டு, உள்ளே விளம்பரத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்றே தெரியாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டல் யாருடைய மெயிலுக்கு வருகிறது என்று இன்றே பாருங்கள். வாட்ஸ்அப் ஆர்டர் எண்ணின் சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் சொந்த சிம்மில் ஆர்டர் எடுக்கும் கடைகள் ஏராளம். அவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் எண்ணும் கூடவே போய்விடும். தவறு அவர் மேல் இல்லை.

சரி, எப்படிச் செய்வது? கடை பெயரில் ஒரு ஜிமெயில் திறங்கள். அதற்கு முதலாளியின் சொந்த எண்ணில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து, கடைப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். கூகுள் ப்ரொஃபைல், டொமைன், அனலிட்டிக்ஸ் (இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் கருவி) எல்லாம் அந்த மெயிலில் திறக்கட்டும், ஏஜென்சி மேனேஜராகச் சேர்ந்துகொள்ளட்டும். ஃபேஸ்புக்கில் உங்கள் பெயரில் பிசினஸ் போர்ட்ஃபோலியோ திறந்து, ஏஜென்சியைப் பார்ட்னராகச் சேர்க்கலாம். பாஸ்வேர்டைச் சொல்லவே தேவையில்லை, பிரியும்போது ஒரு பட்டனில் நீக்கிவிடலாம். முழு அதிகாரம் உள்ளவர்கள் வீட்டிலேயே இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் போன் தொலைந்தால் இன்னொருவர் கை கொடுப்பார்.

இதை முன்பணம் கொடுக்கும் அன்றே கேளுங்கள். "அது எங்கள் சிஸ்டத்தில்தான் ஓடும்" என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். விளம்பரத்தை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பது அவர்களுடைய திறமை, அது அவர்களுக்கே சொந்தம். உங்கள் பணத்தில் சேர்ந்த தகவல் உங்களுடையது. ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்த எவரோடும் எந்தக் கடையும் நிம்மதியாகப் பிரிந்ததை நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளரை ஒரே ஆப்பில் வைத்திருப்பது

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் வீடியோ போட்டு வாடிக்கையாளர் சேர்த்தவர்கள், அவர்களின் போன் எண்களைத் தனியாக வாங்கி வைத்திருக்கவில்லை என்றால், ஒரே ராத்திரியில் எல்லோரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்த வருடம் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம்தான் இருந்தது.

பெயர், எண், ஊர், என்ன வாங்கினார், எந்தத் தேதியில் வாங்கினார். இந்த ஐந்தும் ஒரு கூகுள் ஷீட்டில் இருந்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். "எங்க நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று பில்லிலும் பார்சலிலும் அச்சடித்து ஒட்டுங்கள். ஆஃபர் அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது, இனி சம்மதம் முக்கியம்.

அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடுவது

போன வருடத்தோடு ஒப்பிடு என்று சொன்னால் விற்பனை, விளம்பரக் கணக்கைக் காட்டும் எந்த டேஷ்போர்டும் அதே தேதிகளைத்தான் எடுத்து வைக்கும். பொங்கலுக்கும் ஆடிக்கும் அது பொருந்தும். தீபாவளிக்குப் பொருந்தாது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபர் விற்பனை கூடிவிட்டது என்று மகிழ்ந்து அதிகச் சரக்கு எடுத்தவர்கள், நவம்பரில் அதை வைத்துக்கொண்டு தவிப்பார்கள். தீபாவளிக்கு 30 நாள் முன்பு, 20 நாள் முன்பு, 10 நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ணி ஒப்பிடுங்கள்.

கூடவே இன்னொன்று. கூகுள் அனலிட்டிக்ஸில் தகவலை விரிவாக அலசும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதிக்கான தகவல் தானாக 2 மாதம்தான் தங்கும். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றினால்தான் போன தீபாவளியை அங்கே அலச முடியும். கணக்கு திறந்த அன்றே மாற்றுங்கள், அழிந்தது திரும்பாது.

ஆர்டரை விற்பனை என்று எண்ணுவது

கேஷ் ஆன் டெலிவரியில் விற்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். 10,000 ரூபாய் விளம்பரத்தில் 40 ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்கு 250 என்று டேஷ்போர்டு காட்டும். அதில் 12 சேலை வாங்காமல் திரும்பி வந்தால் உண்மையில் விற்றது 28, ஒன்றுக்கு 357 ரூபாய். திரும்பி வந்த 12க்கும் இரண்டு பக்கக் கூரியர் கட்டணம் தனி. 300 ரூபாய் லாபம் வைத்து விற்பவருக்கு இந்த விளம்பரம் நஷ்டம், ஆனால் திரை முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். அனுப்பும் முன் ஒரு போன் செய்து உறுதிப்படுத்தினாலே கணிசமான அளவு மிச்சமாகும். டெலிவரி ஆனதை மட்டும் அந்த ஷீட்டில் விற்பனையாக எழுதுங்கள்.

பூஸ்ட் பட்டன்

போஸ்டின் கீழே இருக்கும் இந்தப் பட்டனை அழுத்திப் பணம் கட்டினால் லைக் வரும். ஆர்டர் வேண்டுமென்றால் ஃபேஸ்புக்கின் விளம்பர மேலாளர் (ஆட்ஸ் மேனேஜர்) பகுதிக்குள் போய், நோக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

மொத்த எஸ்எம்எஸ்

டிஎல்டி தளத்தில் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பதிவு செய்யும் தளம்) உங்கள் பெயரையும் செய்தி வடிவத்தையும் பதியாமல் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. "பதிவே வேண்டாம், நாங்க அனுப்பிடறோம்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கூகுளின் இலவச இணையதளம்

பிசினஸ் ப்ரொஃபைலோடு கிடைத்த அந்த இலவச வலைத்தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பல கடைகளின் விசிட்டிங் கார்டிலும் கட்டைப் பையிலும் அந்த முகவரி இன்னும் இருக்கிறது. இந்த சீசனுக்குப் பை அச்சடிக்கக் கொடுக்கும் முன், அதில் உள்ள முகவரியை உங்கள் போனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.