பதினாறு வயசுப் பையனை லாக்கப்பில் வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு எழுத்துப் பட்டறைக்காக ஒன்பது கையெழுத்துப் பிரதிகள் படித்தேன். எல்லாமே பதின்ம வயதினருக்கான மர்ம நாவல்கள். ஒன்பதில் நான்கில் ஒரே காட்சி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் நாவலில் நான் எழுதிக் கெடுத்த அதே காட்சி. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். மழை இரவில் கதையைத் தொடங்காதீர்கள், துப்பறியும் பையனுக்குக் கண்ணாடி மாட்டிவிடாதீர்கள் போன்றவற்றை உங்களுக்கே நண்பர்கள் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

லாக்கப்

என் கதையில் பிளஸ் ஒன் படிக்கும் பையன், வயது பதினாறு. டியூஷன் வாத்தியார் கொலையாகிறார், சந்தேகம் இவன் மேல். இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டி இழுத்துப் போய் நாலு நாள் லாக்கப்பில் வைத்து அடிக்கிறார், பையன் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறான், அந்தக் கையெழுத்தை அவன் தோழி எப்படி உடைக்கிறாள் என்பதுதான் மீதி நூற்றைம்பது பக்கம். கைக்காசு போட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்தேன். முதலில் வந்த கடிதமே ஒரு பிளஸ் டூ மாணவியிடமிருந்து: “அங்கிள், இந்தக் கதையில யாருக்குமே சட்டம் தெரியாதா?”

தெரியாதது எனக்குத்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, என்ன குற்றம் சாட்டினாலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கும் கூடாது. அப்புறம் அந்தக் கையெழுத்து. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. அதாவது என் நாயகி நூற்றைம்பது பக்கம் பாடுபட்டு உடைத்த கையெழுத்துக்கு முதலிலேயே மதிப்பில்லை.

“நிஜத்தில் இப்படி நடப்பதே இல்லையா சார்?” என்று பட்டறையில் ஒரு தம்பி மடக்கினார். நடக்கிறது. ஆனால் நடந்தால் அதுவே இன்னொரு குற்றம், அது கதையில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் ஒரு ஏட்டாவது கையைப் பிசைய வேண்டும், பொது நாட்குறிப்பில் நேரம் மாற்றி எழுதப்பட வேண்டும். ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுதினால், பதினாறு வயதில் படிக்கிறவன் அதுதான் வழக்கம் என்று நம்பிக்கொண்டு போவான்.

இதில் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல் என்னவென்றால், சட்டத்தைப் படித்திருந்தால் நான் எழுதியதைவிட நல்ல கதை அதிலேயே கிடைத்திருக்கும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருகிறார்கள், கூண்டு கிடையாது. விசாரணை முடியும்வரை பையனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கிறார்கள். அவன் பெயரையோ பள்ளியையோ பத்திரிகையில் போடக் கூடாது. ஆனால் தெருவுக்கே தெரியும், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ ஓடுகிறது. பெயர் வராத செய்தியும் ஊரறிந்த பெயரும். இந்த ஒன்றிலேயே ஒரு முழு நாவல் இருக்கிறது.

இன்னொன்று, வயது. கொலை மாதிரிக் கொடுங்குற்றத்தில், சம்பவத்தன்று பதினாறு நிரம்பியிருந்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயலாம். நிரம்பாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை, அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லம். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால்தான் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், எலும்புப் பரிசோதனை கடைசியில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா மூன்று மாதம் கூட்டிச் சொல்லியிருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அந்த அப்பா முகத்தை எழுதாமல் நான் விலங்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

302

1.7.2024 முதல் நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 கிடையாது, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103. பழைய ஏட்டு பழக்கத்தில் “302 கேஸு” என்று பேசலாம், எஃப்.ஐ.ஆரில் அப்படி எழுத மாட்டார்.

கைக்குட்டையில் குளோரோஃபார்ம்

மூக்கில் வைத்த மூன்று நொடியில் யாரும் மயங்கிச் சாய மாட்டார்கள். நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இருட்டு

இளையோர் நாவலில் இருட்டு இருக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம், அவர்கள் பார்க்காத இருட்டா? ஆனால் ரத்தத்தை லிட்டர் கணக்கில் ஊற்றுவது இருட்டாகாது. காலைப் பிரேயரில் இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும், செத்துப்போன தோழியின் நோட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று ஒருத்திக்கு ஞாபகம் வருவது, அது இருட்டு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். கதையில் தற்கொலை வந்தால் எப்படிச் செய்தார் என்பதை விவரிக்காதீர்கள், துப்பு அதில்தான் இருக்கிறது என்றால் துப்பை மாற்றுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐப் போட இடமில்லாமல் போகாது.

கொலைகாரன் எங்கிருந்து வந்தான்?

குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு எழுதிய பத்து விதிகளில் முதலாவது இது. மற்ற ஒன்பதில் பலவற்றை மீறலாம், இதை மீறினால் பதினான்கு வயது வாசகி உங்களை மன்னிக்க மாட்டாள். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு படிக்கிறாள்.

செல்போன்

நெருக்கடி வந்ததும் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஒன்பது பிரதியில் ஆறில் தீர்ந்தது. அதில் ஒருத்தி நின்றுகொண்டிருந்ததே செல்போன் கடை வாசலில்.