பாட எண்ணையும் டைம்டேபிளையும் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஒரே தெருவில் இருக்கும் மூன்று பிள்ளைகள் மூன்று கல்லூரிகளில் சேர்ந்தால், மூன்று விதமான பாட எண்களோடு (கோர்ஸ் கோடு) வீட்டுக்கு வருவார்கள். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கலை, அறிவியல் கல்லூரிகள் பல, சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. காட்பாடி பக்கம் வி.ஐ.டி.க்குத் தனி முறை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் எண்ணையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை அப்படியே நம்பி நடப்பதுதான் முதல் தவறு. அவர் சொன்னது அவருடைய கல்லூரிக்குச் சரியாக இருக்கலாம், உங்களுடையதற்கு அல்ல.

அதிகம் இழப்பு தருவது ரெகுலேஷனை, அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்பதை, கவனிக்காத தவறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஜி.இ. 3151 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஜி.இ. என்பது பொதுப் பொறியியல் பாடம் என்பதைக் காட்டுகிறது. முதல் இலக்கமான 3, 2021 ரெகுலேஷனைக் குறிக்கிறது. அடுத்த 1, முதல் செமஸ்டர். மீதி 51 வரிசை எண். இதே இடத்தில் 2017 ரெகுலேஷனுக்கு 8 வரும், 2013க்கு 6 வரும். எட்டுக்குப் பிறகு மூன்று வருவதால், எண் பெரிதாக இருந்தால் புதியது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இப்போது ஜி.இ. 6151, ஜி.இ. 8151, ஜி.இ. 3151 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் ஒன்றுதான். ஆனால் 6151 என்பது சி மொழி சொல்லித்தரும் கம்ப்யூட்டர் புரோகிராமிங். மற்ற இரண்டும் பைத்தான். அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், வைத்திருக்கும் ஒரு பழைய மாணவர் ‘ஜி.இ. 151’ என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடையில் கைடு வாங்கினால், எழுதவேண்டிய பாடமே வேறாக இருக்கும். பழைய கேள்வித்தாளைப் போனில் தேடி எடுப்பவர்களுக்கும் இதே கதிதான். பாடத்தின் பெயரும் ஒன்றாகவே இருக்கும்போதுகூட யூனிட்கள் மாறியிருக்கலாம். எனவே எழுத்து, இலக்கம் எல்லாவற்றையும் முழுசாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சுருக்காதீர்கள்.

எண்ணை வைத்து லேப்பா தியரியா என்று ஊகிப்பதும் தப்பு. முதல் செமஸ்டரில் பைத்தான் லேப் ஜி.இ. 3171 என்று வருவதைப் பார்த்துவிட்டு, 71 என்றால்தான் லேப் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் சி.எஸ். 3311 ஆக வந்து நிற்கும். அதேபோல, எண் கூடக்கூடப் பாடம் கடினம் என்பதும் இல்லை. எண் எந்த செமஸ்டர் என்று சொல்லும், கஷ்டத்தைச் சொல்லாது.

எண்ணைவிட முக்கியம், சிலபஸில் அதன் பக்கத்தில் எல், டி, பி, சி என்ற தலைப்புகளின் கீழ் நிற்கும் நான்கு இலக்கங்கள். விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட் என்பது வரிசை. முதல் மூன்றும் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் கிரெடிட், அது நேரம் அல்ல. எம்.ஏ. 3151 கணிதத்துக்கு 3 1 0 4, அதாவது வாரம் நான்கு பீரியட், நான்கு கிரெடிட். இன்ஜினியரிங் கிராபிக்ஸுக்கு 2 0 4 4. கிரெடிட் அதே நான்குதான், ஆனால் வாரம் ஆறு பீரியட் உட்காரவேண்டும். செய்முறையில் இரண்டு பீரியட் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். இது தெரியாமல் செமஸ்டர் திட்டம் போடும் பிள்ளைகள் கிராபிக்ஸ் வரும்போது திணறிப்போகிறார்கள். ஜி.பி.ஏ. என்ற செமஸ்டர் சராசரிக் கணக்கிலும் கிரெடிட்தான் எடை. நான்கு கிரெடிட் கணிதத்தில் ஒரு கிரேடு இறங்கினால், ஒரு கிரெடிட் பாடமான தமிழர் மரபில் இறங்குவதைப்போல நான்கு மடங்கு இழுக்கும். அதற்காக ஒரு கிரெடிட் பாடத்தை விட்டுவிட முடியாது, அதிலும் தேறினால்தான் பட்டம்.

வி.ஐ.டி.யில் சிக்கல் ஸ்லாட்டில், அதாவது ஒரு பாடத்துக்கு ஒதுக்கிய வாராந்தர நேரங்களின் தொகுப்பில். அங்கே மாணவரே தன் டைம்டேபிளை அமைத்துக்கொள்ளவேண்டும். ஏ1 என்பதை ஒரு மணி நேரம் என்றோ வகுப்பறை எண் என்றோ புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். வேலூர் வளாகத்தின் அட்டவணையில் ஏ1 என்றால் திங்கள் முதல் பீரியடும் புதன் இரண்டாம் பீரியடும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு டி.ஏ.1 என்று இன்னொரு நேரமும் அதோடு ஒட்டிவரும். லேப் ஸ்லாட்கள் தனி வரிசையில், காலை வேளையில் திங்களுக்கு எல்1 முதல் எல்6 வரை, செவ்வாய்க்கு எல்7 முதல் எல்12 வரை என்று ஓடும். பெயர் வேறாக இருந்தாலும் ஏ1ம் எல்1ம் ஒரே நேரம், எல்14ம் ஏ1 மீதுதான் வந்து உட்காரும். கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் திறந்தபிறகு இதைக் கண்டுபிடித்தால், மாற்று ஸ்லாட்டில் இடம் நிரம்பியிருக்கும். முந்தின நாளே ஒரு தாளில் ஐந்து நாள் கட்டம் போட்டு, தியரியை ஒரு நிறத்திலும் லேப்பை வேறு நிறத்திலும் நிரப்பிப் பாருங்கள். அப்புறம் ஒன்று: பி.சி.எஸ்.இ. 202 எல் தியரி, 202 பி அதன் லேப். எண் ஒன்றாக இருந்தாலும் பதிவில் இரண்டும் இரண்டு.

கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறு விதமான குழப்பம். பல கல்லூரிகளில் வகுப்பு கிழமைப்படி நடக்காது, டே ஆர்டர்படி நடக்கும். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று போகும்போது புதன் விடுமுறை வந்தால், வியாழனன்று மூன்றாம் டே ஆர்டர்தான் நடக்கும். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்துபோகும் ஒரு மாணவி, ‘வெள்ளி மதியம் எனக்கு வகுப்பில்லை’ என்று சொல்லிப் பகுதிநேர வேலைக்கு ஒத்துக்கொண்டால், இரண்டு வாரத்திலேயே வருகைப்பதிவில் சிக்கிக்கொள்வாள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறைய இருக்கும் ஊர் இது. சேரும்போதே ஆசிரியர்கள் இதை எடுத்துச் சொன்னால் எவ்வளவோ நல்லது.

தேர்வு அட்டவணையில் எஃப்.என். முற்பகல், ஏ.என். பிற்பகல். அரியர் இருப்பவர்கள் இந்த செமஸ்டர் தாள்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது. ரெகுலேஷன் வாரியாக அட்டவணை தனித்தனியாக வந்தால் பழையதையும் எடுத்து, இரண்டையும் தேதி வாரியாகச் சேர்த்து எழுதுங்கள். கட்டணம் கட்டும் முன் படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் சிலபஸ் தாளில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் இன்னொரு முறை பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அன்றைக்கே தேர்வுப் பிரிவில் எழுதிக்கொடுத்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.