டீனோ 246 வாங்கப் போகிறீர்களா? பழைய பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள்

டீனோ 246 என்பது ஃபெராரி கம்பெனி செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். விற்கிறவர்கள் விளம்பரத்தில் "அருமையாகப் பராமரிக்கப்பட்டது, ஒரே குடும்பத்திடம் இருந்தது" என்று போட்டு, சாயங்கால வெயிலில் எடுத்த நாற்பது படமும் வைத்திருப்பார்கள். அந்தப் படங்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். டீனோ 246 எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்து, ஸ்காலியெட்டி பட்டறையில் உருவான உடம்பு அது. வண்டியின் உண்மையான கதை கீழே இருக்கிறது, அதனால் தரையில் படுத்துப் பார்க்கத் தயாராகப் போங்கள்.

முதல் எதிரி துரு. இதற்கு முன் வந்த டீனோ 206-க்கு அலுமினிய உடம்பு, மொத்தமே 152 வண்டிதான் செய்தார்கள். 1969-இலிருந்து 1974 வரை வந்த 246-க்கு இரும்புத் தகடு, அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளில் துருவைத் தடுக்கப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், முன்பக்கம் ஸ்டெப்னி உட்காரும் இடம், டிக்கியின் மூலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் குழாய்கள், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முதலில் கூரையில் வைத்து அது எப்படிப் பிடிக்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் கதவுக்கு அடியில் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்து காந்தம் வழுக்கினால் அங்கே பெயின்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம், யாரோ தகட்டை மாற்றாமல் பூசி மெழுகியிருக்கிறார்கள். (1978-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தைத் தோண்டியபோது புதைத்து வைத்திருந்த ஒரு 246 வெளியே வந்தது. அதையே சரிசெய்து ஓட்டினார்கள். ஆக, எந்த நிலையில் இருந்தாலும் சரிசெய்யலாம், யார் காசில் என்பதுதான் கேள்வி.)

அடுத்து எண்கள். டீனோவின் சேஸிஸ் எண் இரட்டைப்படையில்தான் இருக்கும், அந்தக் காலத்து ஃபெராரி சாலை வண்டிகளுக்கு ஒற்றைப்படை. குழாயில் குத்தியிருக்கும் எண்ணையும் ஆவணத்தில் இருப்பதையும் நீங்களே ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடுங்கள், ஓனர் படித்துக் காட்ட வேண்டாம். எஞ்சின் எண்ணையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இதே வி6 (வி வடிவ ஆறு சிலிண்டர்) எஞ்சின் குடும்பம் ஃபியட் டீனோ, லான்சியா ஸ்ட்ராடோஸ் என்ற வேறு வண்டிகளிலும் ஓடியது, அங்கிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம். 246-இல் கூரையைக் கழற்றும் ஜிடிஎஸ் வகை 1,274 வண்டிதான், கூரை மூடிய ஜிடி வகை 2,295. ஜிடிஎஸ்ஸுக்கு விலை அதிகம் என்பதால் ஜிடியின் கூரையை வெட்டி ஜிடிஎஸ் ஆக்கியவர்களும் உண்டு. கதவுக்குப் பின்னால் ஜிடியில் சின்னக் கண்ணாடி இருக்கும், ஜிடிஎஸ்ஸில் அந்த இடத்தில் மூன்று கீறல் வைத்த தகடு. வெட்டுகிறவனுக்கும் இது தெரியும், அதனால் கடைசியில் சேஸிஸ் எண்தான் பேச வேண்டும்.

மூக்கில் ஃபெராரியின் குதிரை முத்திரை இருந்தால் மயங்க வேண்டாம். 1956-இல் இளம் வயதிலேயே இறந்துபோன தன் மகன் டீனோவின் பெயரைத்தான் ஃபெராரியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இந்த வண்டிக்கு வைத்தார், கம்பெனியிலிருந்து வரும்போது டீனோ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. குதிரையைப் பலர் பிறகு ஒட்டிக்கொண்டார்கள்.

போவதற்கு முன்பே "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வெபர் கார்புரேட்டர் மூன்று இருக்கிறது, கொஞ்சம் இருமும், தும்மும், அது சகஜம். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயினின் சத்தம் சூடான பிறகும் கடகடவென்று நின்றபாடில்லை என்றால் செலவு இருக்கிறது. முதல் கியர் இடப்பக்கம் கீழே. ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் அடம்பிடிக்கும், அது இந்த வண்டியின் குணம், அதைச் சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் ஓனர் சிரிப்பார். கால் மணி நேரம் ஓட்டியும் கரகரவென்று அரைத்தால் மட்டும் பேசுங்கள்.

பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த வண்டியையும், கல் பட்ட தழும்போடு பழைய பெயின்டிலேயே நிற்கும் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அதில் மறைக்க இடம் குறைவு. கூடவே பழைய பில்கள், டூல் கிட், ஜாக் எல்லாம் இருந்தால் ரொம்ப நல்லது. பழைய வண்டிகளுக்கான ஃபெராரியின் கிளாசிகே பிரிவு தந்த சான்றிதழ் இருந்தால் இன்னும் தெம்பு, ஆனால் அது துருவைப் பற்றிச் சொல்லாது.

கடைசியாக, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம்) பாருங்கள். அதற்கு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற வேண்டும், கேபின் பக்கத்து மூன்றுக்குக் கை போவதே கஷ்டம், அதனால் "இந்தப் பக்கம் மட்டும் போதும்" என்பார்கள். போதாது. அப்புறம் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மாட்டேன் என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வாருங்கள்.