பரிணாம விவாதத்தில் மேற்கோள் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக மன்றத்தில் மாணவர்களுக்குத் தமிழ் விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். உயிர்கள் கடவுளின் படைப்பா, பரிணாமத்தில் வந்தவையா என்று தலைப்பு வந்துவிட்டால், நாங்கள் மேடையேறிய காலத்துத் தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. பெயர் தடுமாறுவது, ஆண்டு மாறுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

டார்வினின் கண்

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி, பரிணாமத்தை மறுக்கும் படைப்புவாதப் பிரசுரத்திலிருந்து எடுத்த மேற்கோள் அட்டையை வாசித்தார்: இயற்கைத் தேர்வால், அதாவது சூழலுக்கு ஏற்றவை தழைத்துப் பெருகுவதால், கண் உருவானது என்பது மிக மிக அபத்தமாகத் தோன்றுவதாக டார்வினே ஒப்புக்கொண்டாராம். நல்ல கைதட்டல். எதிரணி மாணவர் எழுந்து, "டார்வின் அந்தக் காலத்து ஆள், அதற்குப் பிறகு அறிவியல் வளர்ந்துவிட்டது" என்றார். அவரும் அட்டையை நம்பிவிட்டார்! வெட்டப்பட்ட மேற்கோளுக்குப் பதில் சொல்லப் போனால் பாதி தோற்றாயிற்று.

1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 6ஆம் அத்தியாயத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களை டார்வினே எடுத்துவைத்துப் பதில் சொல்லும் அத்தியாயம் அது. முதல் பதிப்பில் அடுத்த வாக்கியத்திலேயே பதில் தொடங்கிவிடுகிறது. எளிய கண்ணிலிருந்து நுட்பமான கண்வரை படிப்படியான நிலைகள் இருந்து, ஒவ்வொன்றும் அந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால், சிக்கல் உண்மையானதல்ல என்கிறார். அந்த நிலைகளை இன்றும் பார்க்கலாம்: தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சிறு குழி, நாட்டிலஸ் என்ற கடலுயிருக்கு லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கண், ஆக்டோபஸுக்கு லென்ஸோடு கூடிய கண்.

பட்டிமன்றத்தில் "எதிரணியினர் இப்படிக் கேட்பார்கள்" என்று ஒருவர் சொன்னதை மட்டும் வெட்டியெடுத்து, அதுவே அவர் கருத்து என்று பரப்பினால் சும்மா விடுவோமா?

டார்வின் எழுதியவை 'டார்வின் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கோளுக்கு முன்னும் பின்னும் ஒரு பத்தியாவது படியுங்கள்.

மூன்று புள்ளிகள்

மேற்கோளின் நடுவே மூன்று புள்ளி (...) வைத்திருந்தால், அங்கே விட்டதைத் தேடிப் படியுங்கள்.

துறை மாறிய சாட்சி

பரிணாமத்துக்கு எதிரான சாட்சியாக ஃப்ரெட் ஹொயிலைக் காட்டுவார்கள்; அவர் வானியலாளர். உயிரியலுக்கு உயிரியலாளரைக் கூப்பிடுங்கள்.

கூல்ட் சொன்னதும் சொல்லாததும்

ஒரு வகை உயிர் இன்னொன்றாக மாறும் நடுநிலையைக் காட்டும் இடைநிலைப் புதைபடிவங்களே இல்லையென்று புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் ஒப்புக்கொண்டார் என்பார்கள். ஓர் இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் இடைப்பட்டவைதான் அரிது, பெரிய பிரிவுகளுக்கு இடையே அவை ஏராளம் என்று அவர் 1981லேயே கோபத்தோடு மறுத்து எழுதிவிட்டார். அப்புறம், 2004இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் டிக்டாலிக் என்ற புதைபடிவமும் கிடைத்தது: செதிலும் துடுப்பும் உள்ள மீன், ஆனால் கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு. அந்தப் பழைய அட்டையைத் தூக்கிப் போடுங்கள்.